பணியில் தலைக்காயம் பட்ட அரசு ஊழியருக்கான இழப்பீட்டுச் சேவைகள்: தர்மபுரியிலிருந்து ஒரு மதிப்புரை

பணியில் இருக்கும்போது தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட அரசு ஊழியருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் சிகிச்சைச் செலவு, விடுப்பு, வேலைப் பாதுகாப்பு, இழப்பீடு ஆகியவை கிடைப்பதற்கென்று நம் மாநிலத்தில் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை எங்கள் குடும்பம் நேரடியாகப் பயன்படுத்தியது; சிலவற்றுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறது; சிலவற்றை விசாரித்துவிட்டு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதே நிலையில் இருக்கும் வேறொரு குடும்பத்துக்கு எது உதவும், எது கைகொடுக்காது, எந்த இடத்தில் எந்தத் தாள் கையில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்வதற்காக இதை எழுதுகிறேன்.

இந்தச் சேவைகள் அனைத்தையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் மதிப்பிடுகிறேன். கை போனால் எவ்வளவு, கால் போனால் எவ்வளவு, கண் போனால் எவ்வளவு என்று எல்லா இடத்திலும் கணக்கு இருக்கிறது. கை, கால், கண் எல்லாம் நன்றாக இருந்து, ஞாபகமும் நிதானமும் கணக்குப் போடும் திறனும் போய்விட்ட ஒரு மனிதரை அந்தச் சேவை எப்படிப் பார்க்கிறது? இதற்குச் சரியாகப் பதில் சொல்லும் சேவைகள் குறைவு.

பாதிக்கப்பட்டவர் என் தங்கையின் கணவர். நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளர். தந்தை பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டதால் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர். விபத்து நடந்தபோது அவருக்கு வயது 45. அரூரிலிருந்து ஊத்தங்கரை செல்லும் சாலையோரத்தில் முட்புதர் வெட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வேகமாக வந்த இருசக்கர வாகனம் மோதியதில், சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் தலை மோதி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் தப்பித்துவிட்டார் என்றுதான் சொன்னார்கள்.

இன்று அவர் நடக்கிறார், சாப்பிடுகிறார், வந்தவர்களை வாருங்கள் என்று அழைக்கிறார். ஆனால் ரேஷன் கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்க முடியாமல் அப்படியே நிற்கிறார். அடுப்பில் பால் வைத்தால் வைத்தது நினைவில்லை. மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறார். இதற்குமுன் குரலை உயர்த்தியே பேசியறியாதவர். பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, எங்கே போகப் புறப்பட்டோம் என்று என் தங்கைக்கு அலைபேசியில் அழைத்துக் கேட்டதற்குப் பிறகு வண்டிச் சாவியை நாங்கள் வாங்கி வைத்துவிட்டோம்.

முதலில் அவசர சிகிச்சை. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. வரையறுக்கப்பட்ட 81 சிகிச்சை முறைகளுக்கு ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்ற அளவில் அது தொடங்கியது. அரசு ஊழியரா, கூலித் தொழிலாளியா, வேறு மாநிலத்துக்காரரா என்று பார்ப்பதில்லை. வருமானச் சான்று கேட்பதில்லை. தொப்பூர் கணவாய் போன்ற விபத்துப் பகுதியை வைத்திருக்கும் நம் மாவட்டத்துக்கு இது மிகத் தேவையான ஒன்று. 108 ஆம்புலன்சில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அன்றே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், மருத்துவர்கள் அக்கறையாகப் பார்த்தார்கள், எங்களிடம் யாரும் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. இந்தச் சேவையைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஆனால் அந்த முதல் நாளில் எழுதப்படும் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டின் நகல்தான் பின்னால் வரும் எல்லா இழப்பீட்டுக்கும் அடித்தளம் என்பதைக் குடும்பங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நோயாளி நினைவு தப்பினாரா, எவ்வளவு நேரம், வாந்தி எடுத்தாரா, காதிலோ மூக்கிலோ இரத்தம் வந்ததா என்பவை அதில் இருக்க வேண்டும். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடும் கிளாஸ்கோ அளவுகோல் ஒன்று உண்டு. 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் இலேசான காயம், 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான காயம். எங்களவருக்கு 14 என்று எழுதியிருந்தார்கள். அந்த நேரத்து நிலையை அது சரியாகத்தான் காட்டியது. இலேசான காயம் என்ற வகைப்பாடு உயிருக்கு உடனடி ஆபத்து குறைவு என்பதை மட்டுமே சொல்கிறது. ஓராண்டுக்குப் பிறகு அந்த மனிதர் எப்படியிருப்பார் என்பதை அது சொல்வதில்லை. இந்த வேறுபாடு தெரியாத அலுவலகங்களில் '14 தானே, சின்ன அடிதானே' என்று பலமுறை கேட்டாயிற்று. சி.டி. ஸ்கேனும் அப்படித்தான்: இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் நன்றாகக் காட்டும் அந்தப் படம், மூளைக்குள் நரம்பிழைகள் பரவலாக இழுபட்டுச் சேதமாகியிருந்தால் பல நேரங்களில் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும்.

வீடு திரும்பிய பிறகு, சில வாரங்கள் கழித்துத் தலைவலி கூடியது. பகலெல்லாம் தூங்கினார், ஒரு பக்கக் கால் இழுக்கத் தொடங்கியது. மூளையின் மேலுறைக்கு அடியில் மெல்ல மெல்ல இரத்தம் தேங்கியிருந்தது. தலைக்காயத்தில் இது மருத்துவர்கள் நன்கறிந்த பின்விளைவு. அடிபட்ட நாளில் எடுத்த படத்தில் தெரியாமல் வாரக்கணக்கில் கழித்தும் வரும். மண்டையோட்டில் துளையிட்டு அதை வெளியேற்ற வேண்டும் என்றார்கள். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம்.

இங்கேதான் அரசு ஊழியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பயன்படுத்தினோம். 2021 ஜூலையில் தொடங்கிய திட்டக் காலத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்தம். குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும், பட்டியலிடப்பட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும் கேஷ்லெஸ் முறையில் செலவை ஏற்பது அதன் வாக்குறுதி. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் விரைவாக வந்தது. ஆனால் பெயர் சொல்ல விரும்பாத அந்த மருத்துவமனை, ஒப்புதல் தொகை போதாது என்று சொல்லித் தனியாக ஒரு தொகையைக் கட்டினால்தான் சேர்க்கை என்றது. கட்டிய பணத்துக்கு முறையான ரசீதும் தரவில்லை, ஒரு துண்டுச் சீட்டுதான் தந்தார்கள். திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனை, ஒப்புதல் பெற்ற சிகிச்சைக்கு நோயாளியிடம் கூடுதலாக வாங்கக் கூடாது. ரசீது இல்லாமல் எதையும் கட்டாதீர்கள். ரசீது இருந்தால்தான் மாவட்ட அளவிலான குறைதீர்வுக் குழுவிடம் திரும்பக் கேட்க முடியும்.

இந்தத் திட்டத்தின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. மருத்துவமனையில் படுத்திருக்கும் வரைதான் அது நம்மோடு இருக்கிறது. மூளைக்காயத்தில் உண்மையான செலவு வீட்டுக்கு வந்த பிறகே தொடங்குகிறது: வலிப்பு மாத்திரை, மாதாமாதம் மருத்துவரைப் பார்ப்பது, பேச்சுப் பயிற்சி, நினைவுப் பயிற்சி, உடன் வருபவரின் பேருந்துச் செலவு. வலிப்பு மாத்திரையை நினைத்தபோது நிறுத்த முடியாது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து மலைக்கிராமத்தில் இருக்கும் ஓர் ஊழியருக்கு நினைவுப் பயிற்சி என்றால் சேலத்துக்கோ பெங்களூருக்கோதான் போயாக வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நல்ல திட்டம், மறுவாழ்வுக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்பது என் மதிப்பீடு.

விடுப்பு விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அலுவல் கடமையைச் செய்யும்போது ஏற்பட்ட காயத்தால் வேலை செய்ய இயலாமல் போனவருக்கு அரசுப் பணிக்கான அடிப்படை விதிகள் 83, 83-ஏ ஆகியவற்றின்கீழ் சிறப்பு இயலாமை விடுப்பு உண்டு. மருத்துவச் சான்றின் பேரில் 24 மாதங்கள் வரை கொடுக்கலாம். பெரும்பாலான அலுவலகங்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். ஈட்டிய விடுப்பைப் போடச் சொல்வார்கள், அது தீர்ந்தால் மருத்துவ விடுப்பு, அதுவும் தீர்ந்தால் சம்பளமில்லா விடுப்பு. எங்கள் வழக்கிலும் அப்படித்தான் தொடங்கியது. விதியின் எண்ணைக் குறிப்பிட்டு என் தங்கை எழுத்தில் விண்ணப்பித்த பிறகு, ஏற்கெனவே கழித்த ஈட்டிய விடுப்பைத் திரும்பக் கணக்கில் சேர்ப்பது பற்றிய கோப்பு நகரத் தொடங்கியது.

இந்த விதியில் ஒரு நிபந்தனை தலைக்காயக்காரர்களை நேரடியாகப் பாதிக்கும். விபத்து நடந்து மூன்று மாதத்துக்குள் இயலாமை வெளிப்பட்டிருக்க வேண்டும், அதை உடனே மேலதிகாரிக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்கிறது விதி. காரணம் பற்றித் திருப்தி ஏற்பட்டால் மூன்று மாதத்துக்குப் பிறகு வெளிப்பட்டதையும் அரசு ஏற்கலாம் என்ற விலக்கும் அதிலேயே உண்டு. மூளைக்காயத்தால் வரும் வலிப்பு மாதங்கள் கழித்தும், ஏன், ஆண்டுகள் கழித்தும் வரக்கூடியது. ஆகவே தலையில் அடிபட்ட எந்த ஊழியரும், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், அந்த வாரத்திலேயே உதவிக் கோட்டப் பொறியாளருக்கோ தன் அலுவலகத் தலைவருக்கோ எழுத்தில் தெரிவித்து, தேதியிட்ட ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். பணிப்பதிவேட்டில் விபத்து பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது மாற்றுத்திறனாளி சான்று. என்னை மிகவும் வருத்திய சேவை இதுதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைப் பாதிப்புகளைப் பட்டியலிடுகிறது. பார்வை, செவி, கை கால் இயக்கம், அறிவுசார் குறைபாடு, மனநோய், நாள்பட்ட நரம்பியல் நிலைகள் என்று நீளும் அந்தப் பட்டியலில் விபத்தால் ஏற்பட்ட மூளைக்காயம் என்று தனியாக ஒரு வகை இல்லை. எனவே மூளைக்காயம் பட்டவரை ஏதாவது ஒரு வகைக்குள் பொருத்திப் பார்க்கிறார்கள். கை கால் இழுத்துக்கொண்டிருந்தால் இயக்கக் குறைபாடு, பேச்சு போயிருந்தால் பேச்சுக் குறைபாடு என்று எளிதாகிவிடுகிறது. நடந்து வருபவருக்கு எந்த வகை?

ஓர் அரசு மருத்துவமனையில், பாதிப்பை மதிப்பிடும் மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டு முன்பு அவரை அழைத்துச் சென்றோம். காலையிலிருந்து காத்திருந்து உள்ளே போனபோது, பெயர் கேட்டார்கள், சொன்னார். ஊர் கேட்டார்கள், சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். "நல்லாத்தானே இருக்காரு" என்று ஒருவர் சொல்லி, சராசரி உடல்நிலை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நிமிடத்தில் ஞாபகத்தைச் சோதிக்க முடியாது. பழகிய கேள்விக்குப் பழகிய பதிலை மூளைக்காயம் பட்டவர் சரியாகவே சொல்வார். புதிதாக ஒன்றைக் கேட்டு, அரை மணி நேரம் கழித்து அதையே திரும்பக் கேட்டால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியும்.

அதைச் செய்தது மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான மத்திய அரசு நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸ். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்து மக்களுக்குத் தலைக்காயம் என்றாலே அந்தப் பெயர்தான் முதலில் நாக்கில் வரும். நெடுஞ்சாலையில் நேராகப் போய்விடலாம். அங்கே நரம்பு உளவியல் சோதனை என்று ஒன்று செய்தார்கள், வெளியில் அமர்ந்திருந்த நான் இடையில் ஒருமுறை உள்ளே அழைக்கப்பட்டேன். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியிலிருந்து முன்னோக்கித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். மூன்று எண் வரை சொன்னார். நான்காவது எண் சேர்ந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு மௌனமானார். சொற்பட்டியல் ஒன்றைப் பலமுறை படித்துக் காட்டி, வேறு வேலை கொடுத்துவிட்டு, பிறகு எத்தனை சொல் நினைவிருக்கிறது என்று கேட்டார்கள். பட்டியல் ஒன்று படிக்கப்பட்டதே அவருக்கு நினைவில்லை. பிள்ளைகளின் பெயர், ஊர், தான் வெட்டிய சாலையின் கிலோமீட்டர் எண் எல்லாம் தெரிந்த மனிதர், அரை மணிக்கு முன் நடந்ததை மறந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த அறிக்கையில் கவனம், புதியதை நினைவில் வைத்தல், திட்டமிடுதல், உணர்ச்சியைக் கட்டுப்படுத்துதல் என்று ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனியாக, அவர் வயதும் படிப்பும் உள்ளவர்களோடு ஒப்பிட்டு எழுதியிருந்தார்கள். மறுமுறை மெடிக்கல் போர்டு முன் அந்த அறிக்கையை வைத்தபோது பேச்சே மாறியது. இந்த மதிப்புரையைப் படிப்பவர்கள் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால், இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். இந்தச் சோதனையைத் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு மருத்துவக் கல்லூரியில் எளிதாகச் செய்துகொள்ள வகை செய்தால், அதைவிடப் பெரிய இழப்பீட்டுச் சீர்திருத்தம் வேறெதுவும் இல்லை என்பேன்.

சான்றில் 40 சதவீதம் என்ற எல்லை முக்கியமானது. பல சலுகைகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஆனால் வேலைப் பாதுகாப்பைப் பொறுத்தவரை அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு மிக வலுவானது. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியான ஊழியரை எந்த அரசு நிறுவனமும் வேலையிலிருந்து நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில், அதே பணிப்பயன்களோடு வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அதற்கும் இடமில்லை என்றால், பொருத்தமான இடம் வரும் வரையிலோ ஓய்வு பெறும் வயது வரையிலோ கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இது 47-ஆவது பிரிவாக இருந்தது. இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்பதைக் காட்டி இந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று 2003-இல் குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இவ்வளவு தெளிவாக இருந்தும், எங்களிடம் ஓர் அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? மருத்துவக் காரணத்தால் ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள், பையனுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்கலாம் என்றார்கள். சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பல குடும்பங்கள் அப்படிச் செய்திருப்பதைப் பார்த்தவர். என் தங்கையும் ஒரு கணம் தடுமாறினாள். "அண்ணா, இவர் திரும்பப் போய் வேலை செய்யவா போறார்? பையனுக்காவது ஒரு வழி கிடைக்கட்டுமே" என்றாள். ஆனால் கருணை வேலை உடனே கிடைப்பதில்லை. நிபந்தனைகள் உண்டு, காத்திருப்போர் வரிசையும் உண்டு. அதற்காகக் கையில் இருக்கும் சம்பளத்தையும் காப்பீட்டையும் விட்டுக்கொடுத்தால், மருந்துச் செலவு மிகுந்த ஆண்டுகளில் குடும்பம் நிராதரவாக நிற்கும். கையெழுத்துப் போடவில்லை. இப்போது அவர் அலுவலக வளாகத்திலேயே இலகுவான வேலையில் இருக்கிறார், சம்பளம் குறையவில்லை. நான் பார்த்த ஏற்பாடுகளிலேயே, கேட்டால் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

இழப்பீட்டுத் தொகைக்கு வருகிறேன். எங்கள் விபத்து நடந்தபோது 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது; 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பழைய சட்டம் சாலை, பாலம் பராமரிப்பவர், மின்கம்பி வேலை செய்பவர், வாகன ஓட்டுநர் போன்றோருக்குப் பொருந்தியது. அரசே முதலாளியாக இருந்தாலும் பொருந்தியது. அதன் கணக்கு எளிமையானது. நிரந்தர முழு இயலாமைக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டியிருந்தது. 45 வயதுக்குக் காரணி 169.44. ஆனால் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் என்று 2020 ஜனவரியில் வரம்பு வைத்தார்கள்; அதற்கு முன் 8,000 ரூபாயாக இருந்தது. ஆக, 9,000 பெருக்கல் 169.44 என்று 15,24,960 ரூபாய் வருகிறது. சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போனது என்றால் அதில் 40 சதவீதமாகிய 6,09,984 ரூபாய். நடந்த சிகிச்சைச் செலவைத் தனியாகக் கேட்க முடிந்தது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதம். இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. உரிமையை விட்டுக்கொடுத்து ஊழியர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் செல்லாது என்று 17-ஆவது பிரிவு சொன்னதால், அவசரத்தில் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் பயப்பட வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் படித்தவர்களுக்கு நான் தொடக்கத்தில் சொன்னது விளங்கும். இரண்டு கையும் போனால் 100 சதவீதம், ஒரு கண் போனால் 40, கட்டைவிரல் 30, ஆள்காட்டி விரல் 14 என்று விரலெலும்பு வரைக்கும் எழுதியிருக்கும் அந்த அட்டவணையில் மூளை இல்லை. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிடும் சம்பாத்தியத் திறன் இழப்பின் அளவே சதவீதம் என்று 4-ஆவது பிரிவில் ஒரு வழி இருந்தது. தலைக்காயக்காரர் நம்ப வேண்டியிருந்தது அந்த ஒரு வரியைத்தான். மருத்துவர் அந்தச் சதவீதத்தை எழுத வேண்டுமானால் மேலே சொன்ன சோதனை அறிக்கை வேண்டும். மரத்திலிருந்தோ கம்பத்திலிருந்தோ விழுந்தவருக்கு, வாகனம் சம்பந்தப்படாத விபத்துக்கு, இந்தச் சட்டத்தைத் தயங்காமல் பரிந்துரைத்திருப்பேன்.

மூளைக்காயத்தையே மையமாக வைத்து எழுதிய சட்டம் எப்படியிருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2016-இன் பிற்பகுதியில் தொடங்கி, கியூபாவின் ஹவானாவிலும் பிறகு வேறு நாடுகளிலும் பணியாற்றிய அமெரிக்கத் தூதரக, உளவுத் துறை ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் திடீர்த் தலைச்சுற்றல், காதில் அழுத்தம், நினைவுக் குறைவு ஆகியவை வந்தன. அவர்களுக்கு இழப்பீடு தருவதற்கான ஹவானா சட்டத்தில் 2021 அக்டோபர் 8 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்டார். 2022-இல் வெளியுறவுத் துறை வகுத்த விதிகளின்படி, மூளைக்கு நேர்ந்த கடும் காயம், அல்லது பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தொடர் சிகிச்சை தேவைப்பட்ட மூளைப் பாதிப்பு மருத்துவரால் உறுதி செய்யப்பட்டால் போதும். உயர் அதிகாரிகளுக்கான ஊதியப் படிநிலை ஒன்றின் ஆண்டுச் சம்பளத்தில் 75 சதவீதம், அதாவது அந்த ஆண்டு 1,40,475 டாலர், ஒரே தவணையாகக் கிடைக்கும். இனி வேலைக்குப் போக முடியாதவருக்கும், அன்றாடக் காரியங்களுக்கு முழுநேரத் துணை தேவைப்படுபவருக்கும் முழுச் சம்பளமாகிய 1,87,300 டாலர்.

அந்தப் பாதிப்புக்கு யார் காரணம் என்பது இன்றும் தீராத விவாதம். வெளிநாட்டு எதிரி ஒருவர் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க உளவு அமைப்புகளில் பெரும்பாலானவையே 2023 மார்ச்சில் மதிப்பிட்டன. இருந்தும் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. யார் செய்தது என்ற கேள்வியை ஊழியர் தலையில் சுமத்தாமல், பணியில் இருந்தாரா, மூளை பாதிக்கப்பட்டதா என்பவற்றையே அது முதன்மையாகக் கேட்கிறது. ஊழியரோடு வாழ்ந்து பாதிக்கப்பட்ட குடும்பத்தாரையும் சேர்த்துக்கொள்கிறது. துணையாள் தேவையை அளவுகோலாகவே வைத்திருக்கிறது. நம் சட்டங்களில் நான் தேடிக் கிடைக்காதவை இவைதான்.

நம் பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் ஒரு சேவை, வங்கிச் சம்பளக் கணக்கோடு வரும் விபத்துக் காப்பீடு. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு ஏழு வங்கிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அரசு ஊழியர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முழு இயலாமை அடைந்தாலோ 1 கோடி ரூபாய். ஊழியர் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு, பிள்ளைகள் படிப்புக்கும் மகள் திருமணத்துக்கும் உதவித்தொகை உண்டு. எங்கள் விபத்துக்குப் பிறகு வந்ததால் எங்களுக்குப் பயன்படவில்லை. ஆனாலும் வரவேற்கிறேன். மதிகோன்பாளையத்திலும் பர்கூரிலும் எனக்குத் தெரிந்த அரசு ஊழியர் ஒவ்வொருவரிடமும், உங்கள் சம்பளக் கணக்கு அந்தச் சலுகைக் கணக்காக மாற்றப்பட்டிருக்கிறதா என்று கிளையில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவருகிறேன். விபத்துக் காப்பீடுகளில் முழு இயலாமை என்றால் பெரும்பாலும் இரண்டு கண், இரண்டு கை, இரண்டு கால் என்றே வரையறுத்திருப்பார்கள். ஆகவே மூளைக்காயத்தால் வேலை செய்ய முடியாமல் போனால் பொருந்துமா என்பதைக் கிளை மேலாளரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். ஊழியர் சங்கங்கள் கையிலெடுக்க வேண்டிய கோரிக்கை இது.

எங்களுடையது வாகன விபத்து என்பதால், பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், மோட்டார் வாகனச் சட்டம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. இரண்டிலும் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆவது பிரிவு இடம் தரவில்லை. 15,000 ரூபாய் வரம்பு இல்லாததால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, தர்மபுரியில் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டோம். 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற காலவரம்பு நடைமுறைக்கு வந்ததை வழக்கறிஞர் முதல் நாளே சொன்னார். மூளைக்காயக் குடும்பத்துக்கு ஆறு மாதம் என்பது மருத்துவமனையிலேயே கழிந்துவிடும். ஆகவே டிஸ்சார்ஜ் ஆன வாரத்திலேயே வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

வேகம் குறைந்த சேவைதான், ஆனால் மனிதரை முழுதாகப் பார்க்கும் சேவை. உடல் பாதிப்பின் சதவீதமும் சம்பாத்திய இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல, அவர் செய்த வேலையை வைத்து மதிப்பிட வேண்டும் என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. சம்பளம் தொடர்ந்து வருகிறதே, பிறகு என்ன இழப்பு என்பது எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் வாதம். பதவி உயர்வு வாய்ப்பு, ஓய்வுக்குப் பின் வேறு வேலை பார்க்கும் திறன், வாழ்க்கையின் இன்பங்களை இழந்தது ஆகியவை தனித் தலைப்புகள் என்பது எங்கள் பதில்.

என் தங்கை வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தாள். ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவரைத் தனியே விட்டுவிட்டு மெஷினில் உட்கார முடியவில்லை. மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பது, கோபம் வரும்போது பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்புவது, அலுவலகத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது என்று அவளுடைய பகல் முழுதும் போகிறது. நான் மேலே எழுதிய அரசுப் படிவங்கள் எதிலும் இதற்கென்று ஒரு கட்டம் இல்லை. மூளை பாதிக்கப்பட்ட சிறுமி ஒருவரின் வழக்கில், துணையாள் செலவை வாழ்நாள் கணக்கில் பெருக்கித் தர வேண்டும் என்று 2020-இல் காஜல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் காட்டி, எங்கள் மனுவிலும் என் தங்கையின் பராமரிப்பு உழைப்பைத் தனித் தலைப்பாகவே கேட்டிருக்கிறோம். அடுத்த விசாரணையில் நரம்பியல் மருத்துவரின் சாட்சியம் இருக்கிறது. சோதனை அறிக்கையின் சான்றிட்ட நகலும், அவருடைய பழைய பணிப்பதிவேட்டின் நகலும் வழக்கறிஞரிடம் கொடுத்தாயிற்று.